எந்த அணியிலும் இல்லாத ஓராண்டு

"அக்கா, ஆண்டு மலருக்கு எங்கட கோச்சைப் பற்றி ஒரு பக்கம் வேணும். மணிலாவில புரொபெஷனலா கூடைப்பந்து விளையாடினவர் எண்டு சொல்லுறார். வருசங்களைச் சரிபாத்துப் போடுங்கோ. வாயால சொல்லுறதை மட்டும் வைச்சு எழுத வேண்டாம். மார்ச் கூட்டத்துக்கு முதல் தாங்கோ."

ஜனவரி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை காலை, லண்டனில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் செயலாளர் எனக்கு அனுப்பிய குறுஞ்செய்தி இது. அன்றே என் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். எல்லாவற்றையும் அப்படி எழுதி வைப்பது என் வழக்கம். கடைசி வரிதான் முக்கியம் என்று அப்போதே அதன் கீழ் கோடிட்டேன்.

எங்கள் பள்ளிக்கு ஒரு விளையாட்டுக் கழகம் உண்டு. அதில் பெண்கள் கூடைப்பந்து அணி ஒன்று. இரண்டு ஆண்டுகளாக அதற்குப் பயிற்சி கொடுத்து வந்தவர் ஒரு பிலிப்பைன்காரர். வார நாட்களில் கிங்ஸ்பரியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. சனிக்கிழமைகளில் சில வேளை அந்த வேலை உடுப்போடே ரெய்னர்ஸ் லேனில் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்துக்கு வந்துவிடுவார். மார்ச் கூட்டத்தில் அவரை நிறுத்திவிட்டு, சான்றிதழ்கள் வைத்திருக்கும் வேறொருவரைக் கொண்டுவர வேண்டும் என்பது தலைவரின் விருப்பம். அவருடைய கதை ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று இரண்டு பெற்றோர் தலைவரிடம் சொல்லியிருந்தார்கள். இங்கே செய்யவேண்டிய குற்றப் பின்னணிச் சோதனையெல்லாம் செய்தாயிற்று, ஒன்றும் இல்லை. ஆனால் அது இந்த நாட்டுக் காலத்தை மட்டும்தான் சொல்லும், அங்கே என்ன செய்தார், ஏன் விட்டார் என்று யாருக்குத் தெரியும் என்பது தலைவரின் கேள்வி.

ஆகவே நான் எழுதப்போகும் பக்கத்தைப் பொறுத்துத்தான் அவர் இருப்பதும் போவதும். என் மகளும் அந்த அணியில் விளையாடுகிறாள், நான் எழுதுவது முறையல்ல என்று செயலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அதுதான் அக்கா உங்களிட்டக் கேக்கிறன். உங்கட பிள்ளை எண்டால் நீங்கள் இன்னும் கூடச் சந்தேகப்படுவீங்கள்" என்றார்.

அவர் என்னைச் சரியாகத்தான் எடைபோட்டிருந்தார். நான் பல ஆண்டுகள் அகதி வழக்குகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். சொலிசிட்டர்மாரின் சின்ன அறைகளிலும் குடிவரவு அதிகாரிகளின் முன்னாலும், எங்கள் ஆட்கள் சொன்ன கதைகளை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வது என் வேலை. முதல் வாக்குமூலத்தில் மார்ச் என்றும் இரண்டாவதில் ஏப்ரல் என்றும் சொன்னதற்காக மட்டும் நிராகரிக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். உண்மை சொன்னவர்களும் அதில் உண்டு, சொல்லாதவர்களும் உண்டு. அந்த வேலையை விட்ட பிறகும், யார் எந்தக் கதையைச் சொன்னாலும் என் காது முதலில் தேதிக்குத்தான் போகிறது. வாழ்க்கை வரலாற்று நூல்களைக்கூட ஓரத்தில் பென்சிலால் வருடங்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டுதான் வாசிப்பேன்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சி முடியும்வரை மண்டபத்து ஓர வாங்கில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் சந்தேகம் அவருடைய உயரத்தில் தொடங்கியது. எங்கள் தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர் அவரைவிட உயரம். வலது முழங்காலில் பனிக்கட்டிப் பை ஒன்றைக் கட்டிக்கொண்டு நடந்தார். அதையும் குறித்துக்கொண்டேன்.

பிள்ளைகள் நன்றாக ஓடினார்கள். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவர்களுக்கு முதலில் தெரிந்திருந்தது வலைப்பந்து. தாய்மார் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் விளையாடிய விளையாட்டு. வலைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அவர் வந்த முதல் மாதம் பந்தைப் பிடித்தவுடன் ஒவ்வொருத்தியும் சிலையாக நின்றாளாம். "எல்லோரும் ஏன் புகைப்படத்துக்கு நிற்கிறீர்கள்" என்று கேட்டாராம். இப்போது ஒருத்தியும் நிற்பதில்லை.

பயிற்சி முடிந்ததும் ஒரு துவாயைக் காலடியில் போட்டு, தரையில் சிந்திய வியர்வையை இழுத்துத் துடைத்துக்கொண்டே என் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில். என்னை "மேம்" என்று அழைத்தார்.

"எந்த ஊர் அணிக்கு விளையாடினீர்கள்?"

"ஊர் இல்லை, மேம். ஹொட்டோக்."

நான் பேனாவை நிறுத்தினேன்.

"சொசேஜ் செய்கிற கம்பெனி. பிறகு பெயின்ட். கடைசியில் நூடில்ஸ்."

நான் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டேன். ஆனால் என் மனதில் ஒரு முடிவு வந்துவிட்டது. கொழும்பில் வங்கிகளும் தேயிலைக் கம்பெனிகளும் நன்றாக விளையாடும் பெடியன்களை எழுதுவினைஞர்களாக எடுத்துக் கம்பெனி அணியில் விளையாட விடுவார்கள். என் மாமா ஒருவர் அப்படித்தான் ஒரு கம்பெனிக்கு மேசைப்பந்து விளையாடினார். காலையில் கையெழுத்து வைப்பார், மத்தியானம் மட்டையோடு போய்விடுவார். அவரை யாரும் தொழில்முறை வீரர் என்று சொல்லவில்லை. இவரும் சொசேஜ் தொழிற்சாலையில் கணக்கெழுதிக்கொண்டு மாலையில் பந்து போட்டவராக இருக்க வேண்டும்.

"எத்தனை முறை சாம்பியன்?"

"பெயின்ட்டோடு இருந்தபோது ஒரே வருடத்தில் இரண்டு முறை."

"ஒரே லீக்கிலா?"

"ஒரே லீக்தான், மேம்."

ஒரு லீக், ஒரு வருடம், இரண்டு சாம்பியன் பட்டம். மேலும் கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன். பழைய வேலையில் இந்த இடத்தில்தான் எதிரே இருக்கும் அதிகாரி தலையை நிமிர்த்துவார்.

காரில் வரும்போது மகள் கேட்டாள்: "அம்மா, நீங்கள் ஏன் கோச்சிட்ட இமிகிரேசன் மாதிரிக் கேள்வி கேட்டீங்கள்?"

"வருசம் கேட்டனான். வேற ஒண்டும் இல்லை."

"அவர் போனால் டீம் முடிஞ்சுது. யூ நோ தட், ரைட்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் செயலாளருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சிரித்தார்.

"அப்ப கதை விடுறார் எண்டுறீங்கள்?"

"இன்னும் அப்படிச் சொல்லேல்லை. பொருந்தேல்லை எண்டுறன்."

"அக்கா, எங்கட ஆக்களும் வந்த புதுசில எல்லாரும் ஊரில எஞ்சினியர் தானே. நான் பெற்றோல் ஷெட்டில நிக்கேக்க இந்தப் பக்கம் நாலு எஞ்சினியர், அந்தப் பக்கம் ஒரு டொக்டர். அதுக்காக ஆரும் பெற்றோல் பிழையா அடிக்கேல்லை."

"பெற்றோலை ஆர் அடிச்சாலும் காருக்குத் தெரியாது. இது பிள்ளைகள்."

"ஓம், அதுவும் சரிதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தலைவரிட்ட இப்ப சொல்லிப்போடாதேங்கோ. உடனே மற்ற ஆளுக்குப் போன் போட்டிடுவார்."

இரண்டு வாரம் எடுத்து வாசித்தேன். இணையத்தில் பழைய செய்திகள், ஆட்ட விவரங்கள், ரசிகர்கள் சேர்த்து வைத்திருக்கும் பட்டியல்கள். கம்பெனி பற்றியும் பட்டங்கள் பற்றியும் எனக்கிருந்த இரண்டு சந்தேகங்களும் நிற்கவில்லை. அந்த நாட்டுத் தொழில்முறை லீக்கில் அணிகள் ஊர்களுக்கு உரியவை அல்ல, கம்பெனிகளுக்கு உரியவை. கம்பெனி தன் பொருளின் பெயரையே அணிக்கு வைக்கும். புதுப் பொருள் வந்தால் அணியின் பெயரும் மாறும். விளையாட்டு வீரர் அங்கே கணக்கெழுதுவதில்லை, விளையாடுவதற்குத்தான் சம்பளம். ஒரு வருடத்துக்குள் தனித்தனிப் போட்டித் தொடர்கள் நடக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாம்பியன் உண்டு. ஆகவே இரண்டு பட்டம் என்றது சரி. அவர் பெயரும் அந்த அணியின் பட்டியலில் இருந்தது. மாமாவின் மேசைப்பந்தை வைத்து மணிலாவை அளந்திருக்கிறேன். அந்தக் குறிப்புகளை வெட்டிவிட்டுத் திருத்தி எழுதினேன்.

ஆனால் பட்டியல்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் மூன்றாவது விஷயம் தெரிந்தது. பெயின்ட் அணிக்கும் நூடில்ஸ் அணிக்கும் நடுவில் ஒரு முழு ஆண்டு அவர் பெயர் எந்த அணியிலும் இல்லை. அப்போது அவருக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது இருக்கும். ஒரு விளையாட்டு வீரருக்கு நல்ல வயது. என்னிடம் சொன்னபோது அந்த ஆண்டை அவர் ஒரு மூச்சில் தாண்டியிருந்தார்.

அந்த இடைவெளிக்கு முன் அவர் ஆடிய கடைசி ஆட்டத்தைத் தேடினேன். மங்கலான ஒரு காணொளி கிடைத்தது. அரையிறுதி ஆட்டத்தின் கடைசிக் கணங்கள். பெயின்ட் அணி ஒரு புள்ளி பின்னால். அவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. எதிரணியில் யாரும் தடுக்க முடியாது; கோட்டில் நின்று ஆறஅமர எறியலாம். ஒன்று விழுந்தால் சமன், இரண்டும் விழுந்தால் வெற்றி. முதலாவது வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவது எறிதல் வளையத்தில்கூடப் படவில்லை.

கீழே ரசிகர்களின் பின்னூட்டங்கள். பெரும்பாலும் அவர்களின் மொழியில். ஒன்றை யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: இரண்டையும் வேண்டுமென்றேதான் விட்டான், எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் யார் என்று தெரியாது. ஆதாரம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த வரி என்னை விடவில்லை. காசு வாங்கித் தோற்றவர் என்றால், அதற்காக ஓராண்டு வெளியே வைத்திருந்தார்கள் என்றால், தலைவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

மகளிடம் விஷயத்தைச் சொல்லாமல் ஒன்று மட்டும் கேட்டேன். "கோச் உங்களுக்கு ஃப்ரீ த்ரோ எறிஞ்சு காட்டிறவரோ?"

அவள் யோசித்தாள். "இல்லை. மற்ற எல்லாம் செய்து காட்டுவார். ஃப்ரீ த்ரோ மட்டும் இல்லை. நாங்கள் எறியேக்க அவர் மற்றப் பக்கம் திரும்பி நிப்பார்."

"ஏன்?"

"சத்தம் கேக்கிறாராம். சத்தத்திலயே கை சரியோ பிழையோ எண்டு தெரியுமாம். இட்ஸ் அ கோச் திங், அம்மா."

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே என்னையும் மகளையும் ஸ்ட்ரெதமுக்கு வரச் சொன்னார். அங்கே ஒரு மண்டபத்தில் லண்டன் பிலிப்பைன்காரர்களின் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். தாதிமார், சமையற்காரர், பஸ் ஓட்டுநர் எல்லோரும் ஞாயிறுகளில் அணி அணியாக விளையாடுகிறார்கள். அவர்களின் பனியன்களிலும் காசு அனுப்பும் கடை, பொதி அனுப்பும் கடை என்று கம்பெனிப் பெயர்கள்தான். அதைப் பார்த்தபோது சொசேஜ் அணி எனக்கு இன்னும் கொஞ்சம் விளங்கியது.

வாசலிலேயே ஒருவர் அவரை "ஐடல்" என்று, அபிமான நட்சத்திரத்தைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். இன்னொருவர் தன் மனைவியை இழுத்து வந்து காட்டினார். ஆக, ஆள் மாறாட்டம் இல்லை. காணொளியில் நின்றவர் இவர்தான். அதையும் எழுதிக்கொண்டேன்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு ஒரு பையன் ஃப்ரீ த்ரோ ஒன்றைத் தவறவிட்டான். உடனே பார்வையாளர் பக்கமிருந்து நாலைந்து பேர் ஒரே குரலில் ஏதோ சொல்லிக் கூவினார்கள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அவர்கள் சொன்னது எங்கள் கோச்சின் பட்டப்பெயர். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை உயர்த்தி எல்லோருக்கும் வணக்கம் போலக் காட்டினார்.

சோறும் இறைச்சியும் விற்ற மேசையில் நின்ற பிலிப்பைன் அம்மா ஒருவரிடம், ஏன் அப்படிக் கூவுகிறார்கள் என்று கேட்டேன்.

"யார் தவறவிட்டாலும் அவர் பெயரைச் சொல்லுவோம்" என்றார். "அந்த ஆட்டத்தில் என் அண்ணன் வீட்டு டிவியை உடைத்தான்."

"வேண்டுமென்று விட்டாரா?"

அவர் அகப்பையைக் கீழே வைத்தார். "என் அண்ணன் அப்படித்தான் சொல்லுவான். டிவியை உடைத்தவன் வேறு என்ன சொல்லுவான்? நீங்கள் சோறு எடுக்கிறீர்களா இல்லையா?"

திரும்பி வரும்போது பஸ் தரிப்பிடம்வரை அவர் எங்களோடு நடந்தார். மகள் முன்னால் போனாள். நான் நேராகவே கேட்டேன்: நடுவில் ஓராண்டு எங்கே இருந்தீர்கள்?

"முழங்கால், மேம்."

"எந்த முழங்கால்?"

"இடது."

"ஜனவரியில் நீங்கள் பனிக்கட்டி கட்டியிருந்தது வலது முழங்காலில்."

அவர் நின்று என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "அப்போது இடது. இப்போது இரண்டும்."

இப்படியான பதிலை எனக்கு நன்றாகத் தெரியும். உண்மையாகவும் இருக்கலாம், அந்த நேரத்தில் வாயில் வந்ததாகவும் இருக்கலாம். விசாரணை அறைக்குள் இருந்து கேட்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும்.

"யாராவது உங்களை நிறுத்தி வைத்தார்களா?"

"ஒருவரும் நிறுத்தவில்லை. ஒருவரும் கூப்பிடவும் இல்லை. காலில் கட்டு அவிழ்த்த பிறகு தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். அது அடிக்கவில்லை. அந்தப் பெயரோடு யார் எடுப்பார்கள்? அடுத்த வருடம் நூடில்ஸ்காரருக்கு ஆள் குறைவு. அரைச் சம்பளத்துக்குப் போனேன்."

"அந்த இரண்டையும் வேண்டுமென்று விட்டீர்களா?"

பஸ் ஒன்று வந்து நின்று போனது. எங்கள் பஸ் இல்லை.

"இல்லை என்று சொன்னால் அப்படி எழுதுவீர்களா?"

"இல்லை என்று நீங்கள் சொன்னதாக எழுதுவேன்."

"அது வேறு, மேம்."

"ஓம். வேறுதான்."

"சரி. இல்லை என்று நான் சொன்னதாக எழுதுங்கள்."

மார்ச் கடைசியில் நிர்வாகக் கூட்டம். பள்ளியின் பின் அறை, ஒரு மேசை, பிளாஸ்க்கில் தேநீர். தலைவர் என் பக்கத்தை எல்லோருக்கும் வாசித்தார். மூன்று அணிகள், இரண்டு பட்டங்கள், விளையாட்டை விட்ட பிறகு அங்கே ஒரு கல்லூரியில் பயிற்றுநர் வேலை: இவை உறுதிப்படுத்தப்பட்டவை. அரையிறுதியில் தவறிய இரண்டு எறிதல்கள்: உறுதிப்படுத்தப்பட்டது. அதன் பின் ஓராண்டு எந்த அணியிலும் இல்லை. முழங்கால் காயம் என்கிறார், வேண்டுமென்று விடவில்லை என்கிறார்: உறுதிப்படுத்தப்படவில்லை. பின்னூட்டம் எழுதியவர் யாரென்றும் தெரியாது, அவர் சொன்னதும் உறுதிப்படுத்தப்படவில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாத்தீங்களோ. சந்தேகம் எண்டு வந்தாப் பிறகு வைச்சிருக்கேலாது. மற்ற ஆளிட்ட ஃபைல் நிறையச் சர்டிபிக்கெட் இருக்கு."

"அண்ணை," என்றார் செயலாளர், "சந்தேகம் எண்டு பாத்தால் இந்த மேசையில ஒருத்தரும் இருக்கேலாது. உங்கட அறுபதாம் கலியாணத்துக்கு நாங்கள் எத்தினை தரம் வந்தனாங்கள்?"

மேசையைச் சுற்றி எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். தலைவர் வந்த காலத்தில் அவருடைய கடவுச்சீட்டை யாரோ ஒரு முகவர் செய்து கொடுத்திருந்தார். அதில் இருந்த பிறந்த வருடத்தின்படி ஒரு அறுபது, வீட்டுச் சாதகத்தின்படி ஒரு அறுபது. இரண்டுக்கும் சாப்பாடு நன்றாக இருந்தது.

"அது வேற கதை" என்றார் தலைவர்.

"ஓம் அண்ணை, எல்லாற்ற கதையும் வேற கதைதான்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் தான் விசாரிச்சனீங்கள். சொல்லுங்கோ. நம்பலாமோ?"

எனக்குத் தெரியாது என்றேன். தெரியாது என்பதைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். இந்த மண்டபத்தில் நடந்த இரண்டு ஆண்டுக்கு மட்டும் நான் பொறுப்பாகச் சொல்லலாம். அதில் பிசகு எதையும் காணவில்லை. சான்றிதழ் வைத்திருப்பவரையும் இதே மாதிரி விசாரிக்க வேண்டும் என்றால் எனக்கு இன்னும் இரண்டு மாதம் வேண்டும்.

"அவரையோ? அவரை என்னத்துக்கு?" என்றார் தலைவர்.

அதற்குப் பிறகு பேச்சு மாறிவிட்டது. முடிவில் கோச் கோடை விடுமுறைவரை இருக்கலாம் என்று தீர்மானித்தார்கள். ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு பயிற்சியிலும் பெற்றோரில் ஒருவர் முழு நேரமும் மண்டபத்தில் இருக்க வேண்டும். யார் என்று கேட்டபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது வாங்குக்குப் பதிலாக முதுகு சாயும் கதிரை ஒன்று போட்டிருந்தது. செயலாளர் விஷயத்தைச் சொல்லியிருப்பார். கோச் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. "நல்ல இடம், மேம். அங்கிருந்து எல்லாம் தெரியும்" என்று மட்டும் சொன்னார். அதில் கிண்டல் இருந்ததா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் பயிற்சி முடிந்து பிள்ளைகள் பைகளைத் தூக்கும் நேரம், என் மகள் பந்தை அவரிடம் எறிந்தாள். "கோச், ரெண்டு. எங்களுக்காக." மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்ட்ரெதமில் கேட்ட பட்டப்பெயரை அவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒருத்தி அதைச் சொல்லிச் சிரித்தாள். அவர் என் கதிரையை ஒருமுறை பார்த்தார். பிறகு கோட்டில் போய் நின்றார்.

இரண்டும் விழுந்தன. வளையத்தில் படாமல், வலை மட்டும் அசைந்தது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். மகள் என்னைப் பார்த்தாள், இப்போது என்ன சொல்கிறீர்கள் என்பது போல. நானும் கைதட்டினேன். ஆனால் இப்படி எறியத் தெரிந்தவர் அன்றைக்கு இரண்டையும் எப்படித் தவறவிட்டார் என்ற கேள்விதான் எனக்குள் வந்தது. அவரும் என் முகத்தில் அதைக் கண்டிருக்க வேண்டும். துவாயை எடுத்துக் காலடியில் போட்டுத் தரையைத் துடைக்கத் தொடங்கினார்.

மலர் ஜூனில் வந்தது. என் பக்கத்தில் ஒரு வரியையும் அவர்கள் வெட்டவில்லை. கோடைக்குப் பிறகும் அவரே வருகிறார். நானும் கதிரையில் இருக்கிறேன். அந்த ஆண்டு அவர் காயப் பட்டியலில் இருந்தாரா, நிறுத்திவைக்கப்பட்டாரா என்று கேட்டு லீக் அலுவலகத்துக்கு இருமுறை மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. அந்த ஓராண்டு அவர் எந்த அணியிலும் ஏன் இல்லை என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.